கப்டன் ஆசனத்துக்கு முன்னால்: புதிய விமானியின் சம்பளக் கணக்கு

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சினமன் எயாரின் சிறிய விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்குவதை நோர்வூட் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பார்கள். அதை ஓட்டுகிறவருக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று அவர்களில் யாராவது கேட்டால், "லட்சக்கணக்கில இருக்கும்" என்ற பதில்தான் வீட்டில் வரும். இருக்கலாம். ஆனால் விமானிகளின் சம்பளம் என்று நாம் கேள்விப்படுவதெல்லாம், பெரிய விமானத்தின் இடப்பக்க ஆசனத்தில், அதாவது கப்டனாக, பல வருடம் இருந்தவர்களின் சம்பளம். வலப்பக்க ஆசனத்தில் உதவி விமானியாக முதல் வருடம் உட்காருகிறவரின் கணக்கு வேறு. அந்த ஆசனத்துக்கு வருவதற்கு முந்திய இரண்டு மூன்று வருடங்களின் கணக்கு இன்னும் மோசம்: அதில் வரவே கிடையாது.

அந்தக் கணக்கைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். ஓ.எல். எழுதிவிட்டு "பைலட் கோர்ஸ்" விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும், அதற்குப் பணம் புரட்ட வேண்டிய பெற்றோருக்கும் இது பொதுவானது. விமானத் துறை பற்றி முன்பின் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

மணித்தியாலம்தான் முதல்

விமானி ஆவது ஒரே பரீட்சையில் முடிகிற காரியமல்ல. அனுமதிப்பத்திரங்கள் படிப்படியாக வருகின்றன. அவற்றின் குறைந்தபட்ச வரம்புகளை ஐ.சி.ஏ.ஓ. என்ற சர்வதேச அமைப்பு வகுக்கிறது; இலங்கையில் சிவில் விமான சேவை அதிகார சபை பத்திரங்களை வழங்குகிறது.

முதற்படி பி.பி.எல்., அதாவது தனியார் விமானி அனுமதிப்பத்திரம். 17 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு நண்பனை ஏற்றிப் பறக்கலாம், ஒரு சதம் கூலி வாங்கக் கூடாது. அடுத்தது சி.பி.எல். என்ற வணிக விமானி அனுமதிப்பத்திரம்: 18 வயது, 200 மணித்தியாலம். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியாகப் படித்தால் 150 போதும். சம்பளத்துக்குப் பறக்கும் உரிமை இங்கேதான் தொடங்குகிறது. அதற்கும் மேலே ஏ.டி.பி.எல்.: 21 வயது, 1,500 மணித்தியாலம். பயணிகள் ஜெட் விமானத்தில் கப்டனாக வேண்டுமானால் இது கையில் இருக்க வேண்டும்.

இவற்றுக்கு நடுவே இன்னும் சில தகுதிகள் உண்டு. அவற்றில் முக்கியமானது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்: வெளியே மேகமும் மழையும் தவிர எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி. இது எதற்கு என்று மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின் எயார் டி.சி.-8 விமானம் அந்தப் பக்கத்து ஏழு கன்னி மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். கட்டுநாயக்கவில் இறங்க வந்த விமானம் அது. தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, மலை இருக்கும் இடத்தில் தாழ்ந்து வந்துவிட்டார்கள். அனுபவமும் தகுதியும் இருந்தவர்களுக்கே அது நடந்தது. இந்தப் பயிற்சிக்கு ஏன் இவ்வளவு செலவு, இவ்வளவு கண்டிப்பு என்று சலித்துக்கொள்கிறவர்கள் ஒருமுறை அந்த மலையை நினைத்துக்கொள்ளலாம்.

செலவுக்கு வருவோம். 200 மணித்தியாலமும் இரத்மலானையில் நிற்கும் செஸ்னா 152 மாதிரியான ஒரு சிறிய விமானத்தில் பறந்தாலும், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் விமான வாடகை, எரிபொருள், ஆசிரியர் கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் வரும். விமானமும் உதிரிப்பாகமும் எரிபொருளும் டொலரில் வாங்கப்படுகிறவை. கணக்கு விளங்குவதற்காக மணிக்கு 50,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்: 200 மணிக்கு ஒரு கோடி. இது நான் வைத்த எண்தான், எந்தப் பள்ளியின் விலைப்பட்டியலும் இல்லை. ஆனால் உங்கள் கையில் வரும் விலைப்பட்டியலை இப்படித்தான் பெருக்கிப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் மொத்தத் தொகை பெரும்பாலும் குறைந்தபட்ச மணித்தியாலத்துக்கு உரியது. குறைந்தபட்சத்திலேயே தேறுகிற மாணவர்கள் குறைவு.

சி.பி.எல். எடுத்தாயிற்று. இனி நேரே ஏ320 மாதிரியான பெரிய பயணிகள் ஜெட் விமானத்தில் ஏற முடியுமா? முடியாது. அந்த விமானத்துக்கென்று தனியாக டைப் ரேட்டிங் என்ற பயிற்சி சிமுலேட்டரில் எடுக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பல்லாயிரம் டொலர். சில நிறுவனங்கள் அதைத் தாங்களே கட்டி, பதிலுக்கு இத்தனை வருடம் எங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று பிணைமுறி எழுதி வாங்கும். சில நிறுவனங்கள் "எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லும்.

அதோடு பெரும்பாலான நிறுவனங்கள் 200 மணித்தியாலக்காரரை விட 1,000, 1,500 மணித்தியாலக்காரரைத்தான் விரும்புகின்றன. மணித்தியாலம் இருந்தால் வேலை கிடைக்கும். வேலை இருந்தால்தான் மணித்தியாலம் சேரும். புதிய விமானியின் சம்பளம் ஏன் குறைவு என்பதற்கு முக்கால்வாசிப் பதில் இந்த முடிச்சில் இருக்கிறது. முதல் வேலையில் அவர் சம்பளத்தோடு சேர்த்து மணித்தியாலத்தையும் வாங்குகிறார். அந்த இரண்டாவது கூலி அவருக்கு எவ்வளவு அவசரமாகத் தேவை என்பது முதலாளிக்கும் நன்றாகத் தெரியும்.

எந்த மணிக்குச் சம்பளம்?

"மணிக்கு ஐம்பது டொலர்" என்று கேட்டதும் நாம் மனதுக்குள் ஒரு நாளைக்கு எட்டு மணி, மாதம் இருபத்தைந்து நாள் என்று பெருக்கிவிடுவோம். மாதம் 10,000 டொலர் வந்துவிடும். அந்தப் பெருக்கல் தவறு.

விமானி வேலையில் "மணி" என்றால், விமானம் தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்கிய கணத்திலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விமானி ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வேலைக்கு வந்து காலநிலை, எரிபொருள், ஓடுபாதை விபரம் எல்லாம் பார்க்க வேண்டும். போக ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. அங்கே ஆட்கள் இறங்கி ஏற ஒரு மணித்தியாலம். திரும்பி வர அதே நேரம். இறங்கிய பிறகும் தாள் வேலை. ஐந்து ஆறு மணித்தியாலம் வேலை செய்தவரின் கணக்கில் ஏறுவது மூன்றுக்கும் குறைவு. விமானம் தாமதமாகி சென்னையில் இரண்டு மணித்தியாலம் காத்துக் கிடந்தால் அதுவும் ஏறாது.

மணிக்கணக்கில் கொடுக்கும் நிறுவனங்கள் மாதத்துக்கு ஓர் உத்தரவாதமும் வைக்கும். அமெரிக்காவில் அது 75 மணித்தியாலத்தை ஒட்டி இருக்கும். பறப்பு குறைந்தாலும் அவ்வளவுக்குச் சம்பளம் உண்டு, கூடினால் மேலதிகம் உண்டு. தோட்டத்தில் பேர் போடும் முறை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கேட்ட கிலோவைப் பறித்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம்; அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் காசு; கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. ஆக, மணிக்கு 50 டொலர் என்பது மாதம் 3,750 டொலர். 10,000 அல்ல.

கூடுதலாகப் பறந்து சம்பாதித்துவிடலாமே என்றால் அதற்கும் சட்டம் தடை போடுகிறது. களைத்துப்போன விமானி ஆபத்தானவர் என்பதால், உலகின் பெரும்பாலான இடங்களில் 28 நாளில் 100 மணித்தியாலம், வருடத்துக்கு 900 அல்லது 1,000 என்ற மாதிரி வரம்புகள் உண்டு. நியாயமான தடைதான்.

எல்லா நாட்டிலும் மணிக்கணக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசிய, வளைகுடா நிறுவனங்கள் பலவற்றில் மாதச் சம்பளம் ஒன்று, பறக்கும் படி ஒன்று, வெளிநாட்டில் தங்கும் நாளுக்குப் படி ஒன்று என்று பிரித்துத்தான் கொடுப்பார்கள். வேலைக் கடிதத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், அதில் நிலையானது எது, பறந்தால் மட்டும் வருவது எது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. பறப்பு நின்றால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் வருடம் உலகம் முழுவதற்கும் காட்டியது.

பஃபலோவில் வெளிச்சத்துக்கு வந்த சம்பளம்

புதிய விமானியின் வறுமையை உலகம் கவனித்தது ஒரு விபத்துக்குப் பிறகுதான். 2009 பெப்ரவரி 12 இரவு, அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் எயார் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். பயணிகள் வாங்கியது கொன்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரில் இருந்த டிக்கெட். விமானத்தை ஓட்டியது அதற்காக ஒப்பந்தத்தில் பறந்த ஒரு சிறிய பிராந்திய நிறுவனம்.

உதவி விமானிக்கு வயது 24. பெற்றோர் வீட்டில்தான் இருந்தார், அந்த வீடு நாட்டின் மறு கரையில் சியாட்டில் பக்கம். வேலை நியூவார்க்கில். முந்திய இரவு முழுக்க விமானம் மாறி மாறி நாட்டைக் கடந்து வந்துதான் வேலையில் ஏறினார். அவருடைய வருடச் சம்பளம் 16,000 டொலரைச் சற்றுத் தாண்டியது என்று விசாரணையில் முதலில் சொல்லப்பட்டது. பிறகு நிறுவனம் திருத்தி, 24,000 டொலருக்குச் சற்றுக் குறைவு என்றது. அமெரிக்காவில் அன்று இரண்டுமே ஏழைச் சம்பளம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சம்பளம் குறைவு என்பதால் விமானம் விழுந்தது என்று விசாரணை சொல்லவில்லை. வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கப்டன் செய்த தவறான செயல்தான் காரணம் என்று முடிவானது. ஆனால் வேலை இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கக்கூட முடியாத சம்பளத்தில், ஐம்பது உயிருக்குப் பொறுப்பானவர்கள் பறக்கிறார்கள் என்ற செய்தி அமெரிக்கர்களை உலுக்கியது.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், 2009 ஜனவரி 15இல், செஸ்லி சல்லன்பெர்கர் என்ற கப்டன் இரு இயந்திரமும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றியிருந்தார். அடுத்த மாதம் அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் அவர் பேசியது பலரும் எதிர்பாராதது. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, ஓய்வூதியத் திட்டம் இல்லாமல் போனது, தன் பிள்ளைகள் இதே தொழிலுக்கு வரட்டும் என்று நினைக்கும் ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். நாடே கொண்டாடிய ஒருவர் கிடைத்த மேடையைத் தன் தொழிலின் கூலி நிலையைப் பேசப் பயன்படுத்தினார் என்பதை நான் அந்தத் தரையிறக்கத்துக்குச் சற்றும் குறையாத காரியமாகவே நினைக்கிறேன்.

ஏன் இப்படி?

1978இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. டிக்கெட் விலையில் போட்டி வந்தது. பெரிய நிறுவனங்கள் சிறிய ஊர்களுக்குப் போகும் பறப்புகளை, செலவு குறைந்த பிராந்திய நிறுவனங்களிடம் ஒப்பந்தத்தில் விட்டன. அந்த ஒப்பந்தத்தைப் பிடிக்க அவை ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. விமானத்தின் விலையையும் எரிபொருளின் விலையையும் குறைக்க முடியாது, குறைக்கக்கூடியது ஆட்களின் கூலி. அதிலும் முதல் வருடக்காரரின் கூலி.

இரண்டாவது காரணம் மூப்பு வரிசை. பல நாடுகளில் விமான நிறுவனம் ஒன்றில் சேர்ந்த நாளைப் பொறுத்து உங்களுக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். எந்த விமானம், எந்தப் பாதை, எந்த நாள் விடுமுறை, எப்போது கப்டன் என்பதெல்லாம் அந்த இலக்கத்தைப் பொறுத்தது. திறமையால் முந்த முடியாது. வேறு நிறுவனத்துக்குப் போனால் அந்த இலக்கத்தைக் கொண்டுபோகவும் முடியாது; அங்கே கடைசி ஆளாகச் சேர்ந்து ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால் சம்பளம் பிடிக்காவிட்டாலும் ஆட்கள் விலக மாட்டார்கள். விலகமாட்டார் என்று தெரிந்தவருக்கு யார் கூட்டிக் கொடுப்பார்கள்? நிறுவனமே விழுந்துவிட்டால் நிலைமை இன்னும் கஷ்டம். 2019 ஏப்ரலில் இந்தியாவின் ஜெட் எயார்வேஸ் பறப்பை நிறுத்தியபோது, மாதக்கணக்கில் சம்பளம் வராமல் இருந்த விமானிகள் ஒரே நேரத்தில் வேலை தேடி வெளியே வந்தார்கள்.

மூன்றாவது காரணம் ஆசை. இதைப் பொருளியல்காரர்கள் வேறு சொற்களில் சொல்லலாம், ஆனால் விஷயம் இதுதான்: பறக்க ஆசைப்பட்டு, கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு, வாசலில் வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கும் வரை முதல் சம்பளம் ஏறாது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சில இடங்களில் இந்த ஆசை அதன் உச்சத்துக்கே போனது. புதியவர்கள் தாங்களே நிறுவனத்துக்குக் காசு கட்டி, பயணிகள் இருக்கும் விமானத்தில் வலப்பக்க ஆசனத்தில் உட்கார்ந்து மணித்தியாலம் சேர்த்தார்கள். வேலைக்காரர் முதலாளிக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு தொழிலை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. அப்படி ஓர் அழைப்பு உங்களுக்கு வந்தால் தயவுசெய்து கும்பிட்டு விலகிவிடுங்கள்.

ஏறும், இறங்கும்

இந்த நிலை அப்படியே உறைந்து நிற்கவில்லை. பஃபலோவில் இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதில் 2010இல் சட்டம் வந்தது. 2013இலிருந்து அமெரிக்காவில் உதவி விமானியாகவே 1,500 மணித்தியாலம் வேண்டும் என்றானது. சில பயிற்சி வழிகளுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. வரிசை குறைந்தது. கோவிட் காலத்தில் ஏராளமான மூத்தவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். பயணிகள் திரும்பி வந்தபோது ஆள் இல்லை. 2022இல் அமெரிக்கன் எயார்லைன்ஸின் பிராந்திய நிறுவனங்கள் முதல் வருட உதவி விமானிக்கு மணிக்கு 90 டொலர் கொடுக்க முன்வந்தன. பதின்மூன்று வருடத்துக்கு முன் அதே மாதிரி ஆசனத்தில் இருந்தவரோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

ஆனால் இதற்கு எதிரான திருப்பங்களும் நடந்திருக்கின்றன. 2007 முடிவில் அமெரிக்காவில் ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆனது. மேலே இருந்தவர்கள் ஐந்து வருடம் கூடுதலாக இருந்தார்கள், கீழே இருந்தவர்கள் அந்த ஐந்து வருடமும் அசையவில்லை. பின்னாலேயே 2008இன் பொருளாதார நெருக்கடியும் வந்தது. பயிற்சிக்கு இரண்டு வருடமாவது போகும் என்பதால், நல்ல காலத்தைப் பார்த்துச் சேர்கிறவர் கெட்ட காலத்தில் வெளியே வரலாம். 2018இல் சேர்ந்து 2020இல் முடித்தவர்களைக் கேட்டால் தெரியும். "இப்போது உலகத்தில் பைலட் தட்டுப்பாடு" என்ற விளம்பர வாசகம் பொய்யாக இருக்கத் தேவையில்லை. தட்டுப்பாடு அனுபவம் உள்ள கப்டன்களுக்கு. 200 மணித்தியாலக்காரர்களுக்கு அல்ல. வாசகத்தில் அந்த வித்தியாசம் மட்டும் விடுபட்டிருக்கும்.

மலையகத்திலிருந்து பார்த்தால்

மேலே சொன்னது எங்கேயும் பொருந்தும். நம் பிள்ளைகளுக்கு இதன் மேல் இன்னும் சில சுமைகள் இருக்கின்றன.

முதலாவது கடன். வெளிநாடுகளில் இந்தப் பயிற்சியைப் பெரும்பாலானவர்கள் கடன் வாங்கித்தான் முடிக்கிறார்கள். இங்கே கடனுக்கு வங்கி கேட்பது காணி உறுதி, அல்லது நிரந்தரச் சம்பளம் உள்ள பிணையாளிகள். லயத்தில் இருக்கிற குடும்பத்துக்கு வீடும் நிலமும் தோட்டத்தின் பெயரில். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களிலும் உறுதி கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று ஏறியது. அந்த 2024ஆம் வருடச் சம்பளத்தில் மாதம் 25 நாள் பேர் போட்டிருந்தாலும் 33,750தான். கோடி ரூபாவுக்கு இதை வைத்துக் கடன் வாங்க முடியாது என்பதைச் சொல்லி யாருடைய மனதையும் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் சில பயிற்சி முகவர்கள் இதைச் சொல்லாமலே முற்பணம் வாங்குகிறார்கள். கொழும்பில் கடை வைத்திருக்கும் மாமா, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் என்று சேர்த்துப் புரட்டுகிற குடும்பங்களே இந்த வழியில் இறங்குகின்றன. அப்போது அது ஒருவருடைய கடனாக இருக்காது, குடும்பத்தின் கடன்.

இரண்டாவது டொலர். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360 வரை போனது. பாதிப் பயிற்சியில் நின்றவருக்கு மீதிப் பாதியின் விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. ஆனால் டொலர் மறுபக்கமும் வேலை செய்தது. ஏற்கனவே மணித்தியாலம் சேர்த்திருந்த இலங்கை விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் வருமான வரி உச்சமாக 36 சதவீதத்துக்கு ஏறியதும் அந்தப் போக்குக்கு உதவியது. அவர்கள் விட்டுப்போன இடங்கள் புதியவர்களுக்குக் கதவைத் திறந்தன. ஆனால் அந்தக் கதவால் நுழைய சி.பி.எல். ஏற்கனவே கையில் இருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது தூரம். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க நாலு மணித்தியாலப் பாதை, மண்சரிவு நாளில் அதுவும் உத்தரவாதம் இல்லை. ஸ்டாண்ட்பை என்றால் கூப்பிட்ட சிறிது நேரத்தில் போய் நிற்க வேண்டும். நீர்கொழும்புப் பக்கம் அறை எடுக்காமல் இந்த வேலை செய்ய முடியாது. அந்த வாடகையும் முதல் சம்பளத்திலிருந்துதான் போகும்.

நான்காவது ஆங்கிலம், இதில் மட்டும் நல்ல செய்தி இருக்கிறது. சர்வதேசப் பறப்புக்கு ஆங்கிலத்தில் ஆறு நிலைகளில் குறைந்தது நாலாவது நிலை வேண்டும். கேட்பது, பேசுவது, புரியாதபோது திரும்பக் கேட்டுத் தெளிவாக்குவது ஆகியவற்றைத்தான் அதில் சோதிக்கிறார்கள். வெள்ளைக்காரரின் உச்சரிப்பு தேவையில்லை, விளங்கினால் போதும். தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளையும் இரண்டு மூன்று வருட உழைப்பில் எட்டக்கூடிய உயரம் அது, செலவும் குறைவு.

என்னென்ன வழிகள்?

மிகச் சிறந்த வழி, நிறுவனமே பணம் போட்டுப் பயிற்சி கொடுக்கும் கடெட் திட்டம். பிரிட்டிஷ் எயார்வேஸ் இப்படி முழுச் செலவையும் ஏற்கும் திட்டம் ஒன்றை 2023இல் தொடங்கியது. ஆனால் அங்கே வேலை செய்யும் உரிமை இல்லாதவர்களுக்கு அது பயன்படாது. நம் நாட்டில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் அவ்வப்போது கடெட் விமானிகளை எடுத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நிபந்தனைகள் மாறும், செலவில் பங்கும் கேட்கப்படலாம். விளம்பரம் வந்த பிறகு தயாராவது பிந்திவிடும். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்து, பௌதிகவியலில் கைவைத்திருப்பது இத்தகைய தேர்வுகளில் உதவும். தமிழில் அந்தப் பிரிவு நடக்கும் பாடசாலைகள் மலையகத்தில் கொஞ்சம்தான் என்பதால் ஓ.எல். முடிந்தவுடனேயே இடம் தேட வேண்டியிருக்கும்.

பணம் இல்லாமல் பறப்பதற்கு இன்னொரு வழி விமானப்படை. பயிற்சி திருகோணமலை சீனக்குடாவில். அங்கே பயிற்சிக்குக் காசு கட்டுவதற்குப் பதில் உங்களுக்குத்தான் சம்பளம் வரும். பதிலுக்குப் பல வருடச் சேவை, படைக் கட்டுப்பாடு. நம் வீடுகளில் இதைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. அதற்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவெடுக்க வேண்டிய விஷயம், நான் ஒரு பக்கமும் தள்ள மாட்டேன்.

சி.பி.எல். எடுத்த பிறகு பறப்பு ஆசிரியராவது பழைய வழி. சம்பளம் சிறியது, ஆனால் மணித்தியாலம் மாணவனின் செலவில் சேரும். இலங்கையில் சிறிய விமான வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆசிரியர் இடமும் உள்நாட்டுச் சேவை இடமும் பல பேருக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும்.

விமானம்தான் பிடிக்கும், ஓட்டுவதுதான் வேண்டும் என்றில்லை என்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இரண்டு வேலைகள். ஒன்று விமானப் பராமரிப்புப் பொறியியலாளர்: படிப்புக் காலம் நீளம், உரிமம் கிடைக்கப் பல வருட வேலை அனுபவம் வேண்டும், ஆனால் செலவு விமானிப் பயிற்சியின் ஒரு சிறு பங்கு, வளைகுடாவில் கேள்வியும் உண்டு. மற்றது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்: தெரிவானால் பயிற்சியை வேலை தருகிறவர்களே கொடுப்பார்கள், மாதச் சம்பளம் நிலையானது, போட்டி மட்டும் கடுமை. இரண்டுமே விமானி வேலை கிடைக்காதவர்களின் ஆறுதல் பரிசு என்று நினைக்கிறவர்கள் அந்த வேலைகளைப் பார்த்ததே இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்

எல்லாம் யோசித்த பிறகும் பறக்கத்தான் வேண்டும் என்று பிள்ளை நின்றால், முதல் செலவு முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையாக இருக்கட்டும். கண், காது, இதயம், நிறப்பார்வை எல்லாம் பார்ப்பார்கள். நிறப்பார்வைக் குறை இருப்பது பலருக்கு இந்த நாளில்தான் தெரியவரும். கண்ணாடி போட்டிருந்தால் ஆகாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். வரம்புக்குள் திருத்தப்பட்ட பார்வை ஏற்கப்படுகிறது. இந்தச் சான்றிதழை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க முடியாத வருடம் வேலை இல்லை. ஆகவே வருமானப் பாதுகாப்புக் காப்புறுதியையும் செலவுக் கணக்கில் எழுதிவையுங்கள்.

பயிற்சிப் பள்ளியிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பறக்கக்கூடிய நிலையில் இப்போது எத்தனை விமானம் இருக்கிறது? மாணவர் எத்தனை பேர்? கடந்த வருடம் சி.பி.எல். முடித்தவர்கள் எத்தனை மாதத்தில் முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்று பறக்கிறார்கள்? விலை ரூபாவிலா டொலரிலா, டொலரில் என்றால் எந்த நாளின் மாற்று விலை? பாதியில் நின்றால் திரும்ப என்ன கிடைக்கும்? "வேலை உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால், எந்த நிறுவனம் அந்த உத்தரவாதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே வேறு பக்கம் திரும்பும். பிணைமுறி இருந்தால் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு, நிறுவனமே வேலையை விட்டு நிறுத்தினால் யார் கட்டுவது என்ற மூன்றையும் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

கடைசியாக, முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம். தள்ளுபடி தருகிறோம் என்பார்கள், அப்போதும் வேண்டாம். பயிற்சிப் பள்ளிகள் மூடப்படுவது உலகம் முழுக்க நடக்கிற ஒன்று, முற்பணம் கட்டியவர்கள்தான் அப்போது மாட்டிக்கொள்கிறார்கள். கட்டம் கட்டமாகக் கட்டி, பறந்த ஒவ்வொரு மணித்தியாலத்தையும் லொக் புத்தகத்தில் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தில் ஏறிய மணித்தியாலம் வேறு பள்ளிக்குப் போனாலும் உங்களுடையது. பி.பி.எல். முடிகிற இடம் நின்று யோசிக்க நல்ல இடம். அதுவரை போனது மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான். பிள்ளைக்குப் பறக்க வருகிறதா, பிடித்திருக்கிறதா, பணம் இன்னும் புரளுமா என்ற மூன்றுக்கும் அந்த 40 மணித்தியாலத்துக்குள் ஓரளவு பதில் தெரிந்திருக்கும்.